டீ குடித்த படகோட்டி

பழைய சாமான் கடையில் ஒரு மரப்பெட்டி டிவியைப் போட்டுக் காட்டினார்கள். சூடான தூசி வாசனை கிளம்பியதும், கோட்டைக்குப்பத்தில் இப்போது அடையாளமே இல்லாமல் போய்விட்ட பஞ்சாயத்து டிவி ரூமும், அங்கே ஈர வலை நாற்றத்தோடு நெருக்கியடித்து உட்கார்ந்து நாங்கள் ஞாயிறுதோறும் பார்த்த ஜமீன் காலத்துத் தொடரும் நினைவுக்கு வந்தன. ஏதோ பழைய நாவலிலிருந்து எடுத்ததாம்.

அதில் ஒரு வாரம் படகோட்டி புயலில் மூழ்கிப்போனான். தண்ணி ஒருத்தனை எடுத்துக்கொண்டால் மறுநாள் எங்கள் ஊரில் யாரும் படகு இறக்கமாட்டார்கள். அவனுக்காகவும் இறக்கவில்லை. சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். அதற்கு முந்தின ஐப்பசியில் கடலுக்குப் போய் உடல்கூடக் கிடைக்காத மாமாவுக்கு அழுத மாதிரியே அத்தை அவனுக்கும் அழுதாள்.

அடுத்த ஞாயிறு, தொடருக்கு முந்தின விளம்பரத்தில் அதே படகோட்டி சிரித்துக்கொண்டே டீ குடித்தான். ரூமே அலறியது.

"இன்னாடி இது, செத்தவன் டீ குடிக்கிறான்!" என்று பக்கத்து வீட்டு அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பிள்ளைகள் நாங்கள் அம்மாக்களின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தோம்.

அத்தை மட்டும் மணலை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"நான் போய் சோறு வடிக்கிறேன். அவுரு பசியோட வருவாரு."