இரண்டு சீட்டுக் காரின் வயிற்றில் உளுந்து

சீட்டுக்கு முதுகுப் பக்கம் என்ஜின், அதற்கும் பின்னால் சக்கரம். முன்பக்க மூடியைத் தூக்கினால் ஒரு தோள்பை வைக்கிற அளவுக்குக் குழி. உட்கார இரண்டே பேருக்கு இடம். தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே என் கை நுழையும், தோள் நுழையாது. மதகுக்கு மதகு மேடு ஏறி இறங்குகிற தஞ்சாவூர் ஜில்லா ரோட்டில் ஓட்டுவதற்கு இப்படி ஒரு வண்டியை ஒரு மனிதர் கப்பலில் வரவழைத்தார். மேடு வந்தால், பின்னால் ஜீப்பில் வரும் ஆட்கள் இறங்கிப் பலகை போடுவார்கள். அவர் பலகையில் ஏறி இறங்குவதற்குள் மாட்டுவண்டிகள் முந்திக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன்.

மூன்று தலைமுறை மிராசுதார் குடும்பம். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அப்பன்காரர் நிலத்தைச் சமையல்காரன் பேரில், டிரைவர் பேரில், செத்துப்போன அத்தை பேரில் எல்லாம் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். மகன் கட்சியில் சேர்ந்தார். ஆட்சி மாறினால் இவர் வேட்டிக் கரையும் மாறும், அதற்கு ஒரு வாரம்கூட ஆகாது. மேடை ஏறிவிட்டால் உழவன், உழைப்பு, உரிமை என்று அடுக்கிக்கொண்டே போவார். இறங்கியதும் அந்த உழவனை நிலத்திலிருந்து கிளப்ப என்ன வழி என்று வக்கீலிடம் கேட்பார். இரண்டையும் ஒரே முகத்தோடு செய்ய முடிந்ததுதான் அவருடைய திறமை.

நான் வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரைக்காரன். கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்த காலத்தில், அலை அடித்து விரிசல் விட்ட படகுகளுக்கு ஒட்டுப்போட்டுத் தொழில் பழகினேன். பிறகு தஞ்சாவூரில் டிங்கர் ஷெட் போட்டேன். தகரம் தட்ட ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை, ஃபைபருக்கு நான் ஒருவன்தான். அந்தக் காரின் உடம்பு முழுக்க ஃபைபர். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நிலத்துக்காரர்களைப் பற்றி அப்போது எனக்கு ஒரே அபிப்பிராயம். வரப்பு ஒரு சாண் நகர்ந்ததற்கு அண்ணனும் தம்பியும் அரிவாள் தூக்குகிற கூட்டம். கடலில் எவனுக்கும் பட்டா கிடையாது, அதனால் எங்களுக்கு அந்த அற்பப் புத்தி வராது என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிவேன். வலைத் தகராறில் எங்கள் ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்வதை வசதியாக மறந்துவிடுவேன்.

அது மாசிக் கடைசி. சம்பா அறுத்த வயலில் தெளித்த உளுந்து விளைந்து, செடிகளைப் பிடுங்கி ரோட்டில் பரப்பியிருந்தார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போனால் காய் உடைந்து உளுந்து உதிரும், அடிக்கிற வேலை மிச்சம். எல்லா வண்டிக்கும் அது சாதாரணம். தரையைத் தடவிக்கொண்டு போகிற வண்டிக்கு அல்ல. நம் ஆள் அந்தச் செடிமேல் அரை மைல் ஓட்டிக்கொண்டு போய், ரோட்டோரம் ஒரு வயலருகே நிறுத்தினார்.

ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம். அதைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் அப்பா காலத்திலிருந்தே அந்த நிலம் அவர்கள் கையில். தாலுகா ஆபீசில் குத்தகைப் பதிவு இருந்ததால் அவரைச் சுலபத்தில் கிளப்ப முடியவில்லை. மிராசுதாருக்கோ அங்கே பெட்ரோல் பங்க் வைக்க ஆசை. வரப்பில் நின்று அவர் கத்திக்கொண்டிருந்தபோது பின்னால் கார் புகைந்து தீப்பிடித்தது. குத்தகைக்காரர்தான் குடத்தை எடுத்துக்கொண்டு குட்டைக்கு ஓடினார். அவரும் அவர் மனைவியும் பத்துப் பன்னிரண்டு தடவை தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி அணைத்தார்கள்.

மறுநாள் போலீசில் புகார். குத்தகைத் தகராறில் காருக்குத் தீ வைத்துவிட்டான் என்று. தீயை அணைத்தவரையே பிடித்துக்கொண்டு போனார்கள். விட்ட பிறகும் தினமும் காலையில் ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டும். ஆறு மாவை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் புகார் வாபஸ், இல்லாவிட்டால் டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்த மகன் பெயரையும் சேர்ப்போம் என்று மிராசுதார் சொல்லியனுப்பினார். இதெல்லாம் மிராசுதாருடைய ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள் என்னிடம் சொன்னது. அந்த மில்லின் பின்கொட்டகையில்தான் கார் நின்றது, அங்கேயே தங்கி வேலை பார்த்தேன். பேசாமல் எழுதிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, ஆறு மாவுக்கு இவ்வளவு அழுகையா என்று அவர்களிடம் கேட்டேன். அவர்கள் அடுத்த மூட்டையைத் தூக்கப் போய்விட்டார்கள்.

காரை ஜாக்கி வைத்துத் தூக்கி ரயில்வே ஸ்லீப்பர் கட்டைமேல் நிறுத்தினேன். அதைச் செய்த வெள்ளைக்காரனுக்கு இரக்கமே கிடையாது. பின்பக்க உடம்பு முழுவதும் ஒரே பேனல். அதைக் கழற்ற முதலில் விளக்கு, பிறகு சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் மறைப்பு, பிறகு கதவு இடுக்கில் ஒளிந்திருக்கும் போல்ட். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் அசையாது. எங்கோ இன்னும் ஒரு போல்ட் மிச்சம் இருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் ஃபைபர் கீறிவிடும். ஒவ்வொரு போல்ட்டையும் அது வந்த இடம் எழுதிய அட்டையில் குத்திவைத்தேன். மூன்றாம் நாள், மில் ஆட்கள் ஆறு பேர் பிடிக்க, பேனல் மேலே வந்தது. அந்த நிமிடம் எனக்கு இருந்த கர்வத்தை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

பேனலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். உள்பக்கம் கரி. வெளிப்பக்கம் பெயின்ட் கொப்பளித்திருந்தது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வைத்த தீ வெளியில்தான் முதலில் தின்னும். அதற்கு மேல் சந்தேகமே வேண்டாம் என்பதுபோல, வயிற்றுத் தகட்டை அவிழ்த்ததும் கொத்தாக உளுந்துச் செடி என் மார்பில் விழுந்தது. சைலன்சர் குழாயை ஒட்டி இருந்தது சாம்பல். அதைச் சுற்றி இருந்தது பாதி கருகல். ஓரத்தில் திணிந்திருந்ததில் காய்கூட உடையவில்லை. ஒன்றை நகத்தால் பிரித்தேன், உள்ளே உளுந்து அப்படியே இருந்தது. அரை மைலுக்கு வாரிச் சுருட்டிக்கொண்டு வந்து, சூடான குழாயில் தானே பற்றிக்கொண்டிருக்கிறது வண்டி.

சாயங்காலம் மிராசுதார் வந்தபோது சொன்னேன்.

"சார், இது யாரும் வச்ச தீ இல்லீங்க. உளுந்துச் செடி மாட்டி, குழாய்ச் சூட்டுல பத்தியிருக்கு. பாருங்க."

அவர் பார்க்கவில்லை. வேட்டி நுனியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதாப்பா? நான்தானே ஓட்டிக்கிட்டு வந்தேன். சுத்தமா கழுவிட்டு மாட்டு."

எவ்வளவு சுலபமாகச் சொன்னார்! ஒரு பொய்யை என்னிடம் சொல்கிற மரியாதையைக்கூட அவர் எனக்குத் தரவில்லை. கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு ஹோஸ் பைப்பைப் பிடித்துச் சாம்பலையும் செடியையும் ஒரு துளி விடாமல் கழுவினேன். மில் சாக்கடையில் உளுந்து மிதந்து போயிற்று. யாரும் என்னை மிரட்டவில்லை. வேலையை விட்டுப் போயிருக்கலாம். ஸ்டேஷனில் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் இந்த மாதிரிக் காரைப் பிரித்து மாட்டியவன் என்று பெயர் வாங்க எனக்கு ஆசை. பிரித்துப் போட்டுவிட்டுப் போனால் அந்தப் பெயர் வராது. காரணம் இவ்வளவுதான், இதற்கு மேல் ஒரு வெங்காயமும் இல்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் காரைச் சோதனை போட வந்தார். தொப்பை இடித்ததால் அவரால் குனிய முடியவில்லை. கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இளநீர் குடித்துக்கொண்டே காரைப் பார்த்து, "அநியாயம் பண்ணியிருக்கானுங்க" என்றார். ஏட்டு எழுதிக்கொண்டார். இளநீர் தீர்ந்ததும் சோதனையும் முடிந்தது. அரசாங்கம் சம்பளம் கொடுத்து வளர்க்கிற ஜந்து என்று மனசுக்குள் திட்டினேன். வெளியே வணக்கம் சொன்னேன்.

கருகின இடத்தை அறுத்தெடுத்து, கண்ணாடி இழை மேட் வைத்து ரெசின் பசை பூசி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்தேன். மாட்டுவதுதான் கஷ்டமான வேலை. எல்லா போல்ட்டையும் முதலில் தளர்வாகவே போட வேண்டும். கதவுக்கும் பேனலுக்கும் நடுவே நாலாக மடித்த பஸ் டிக்கெட்டைச் செருகி, மேலிருந்து கீழ்வரை இடைவெளி ஒரே அளவாக வந்த பிறகே நடுவிலிருந்து இறுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் விலகும். இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். அந்த இரண்டு நாளில் குத்தகைக்காரரைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

கடைசி போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது மில் கணக்குப்பிள்ளை வந்து, ஆபீஸ் அறைக்கு வரச் சொன்னார். கைகூடத் துடைக்காமல் போனேன். மேஜையில் முத்திரைத்தாள். ஓரமாகக் குத்தகைக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். கணக்குப்பிள்ளை படித்தார்: யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனதுடன், ஆறு மாவையும் விட்டுவிடுகிறேன். கடைசி வரியில், தீப் புகார் இத்துடன் வாபஸ் என்று இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த மிராசுதார் ஏதோ நல்ல செய்தி கேட்டதுபோல் தலையாட்டினார். குத்தகைக்காரர் கையெழுத்துப் போட்டார், எழுத்து எழுத்தாக. போட்டு முடிக்க வெகுநேரம் ஆனது.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். கணக்குப்பிள்ளை ஒருவர். இன்னொருவருக்கு மில் ஆட்கள் யாரும் வரவில்லை, எல்லோருக்கும் திடீரென்று வேலை இருந்தது. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"நான் எதுக்குங்க? நான் இந்த ஊரே இல்லைங்களே" என்றேன்.

குத்தகைக்காரர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "போடுங்க தம்பி, நீங்களே போடுங்க" என்றார். "மத்தவங்க எல்லாம் ஒரு பக்கம் சாஞ்சவங்க. நீங்க கடக்கரை ஆளுன்னு மில்லுல சொன்னாங்க. எங்க வயலு வாய்க்கா வம்பு எதுலயும் இல்லாதவரு. நாளைக்கு மறுபடி நான் தீ வச்சேன்னு யாராச்சும் கிளப்பினா, புகாரு வாபஸ்னு எழுதியிருக்கிற தாளு இது, ஒண்ணும் தெரியாத ஒரு மனுசனாவது அதுல கையெழுத்துப் போட்டிருக்காருன்னு இருக்கட்டும்."

மிராசுதார் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை, மிரட்டவுமில்லை. போடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

பேனாவை வாங்கிப் போட்டேன். கையிலிருந்த கிரீஸ் தாளில் ஒட்டிக்கொண்டது. கணக்குப்பிள்ளை முகத்தைச் சுளித்தார். குத்தகைக்காரர் மட்டும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.