கொயருக்கு வந்த மாமியார்

எழுபதுகளின் கடைசியில் ஒரு டிசம்பர் மாதம். மதுரை பழங்காநத்தத்தில் இருந்த எங்கள் சிறிய சபையின் கொயரை, அதாவது பாடகர் குழுவை, என் தலையில் கட்டிவிட்டார்கள். கொஞ்சம் ஆர்மோனியம் வாசிப்பேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. பகலில் ஆபீஸில் குமாஸ்தா வேலை, சாயங்காலம் கொயர்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு மாலை பாட்டு ஆராதனை. பயிற்சி ஆறு மணிக்கு என்று சொல்லியிருந்தேன். ஆறு மணிக்கு அங்கே நானும் பூட்டிய கதவும்தான் இருப்போம். பேஸ் என்கிற அடிக்குரலுக்கு இருந்த ஒரே ஆள் மில்லில் வேலை பார்த்த ஒரு அண்ணன். அவர் டிரான்சிஸ்டரோடு வருவார். மாநிலச் செய்தி முடியாமல் வாயைத் திறக்க மாட்டார். ஆல்டோ என்கிற தணிந்த குரலில் பாடும் பெண்களுக்கு, கேக் மாவை எந்த பேக்கரியில் கொடுத்துச் சுடுவது என்ற பேச்சு ஓயாது. டெனர் என்கிற ஆண்களின் மேல்குரல் பாடிய இரண்டு பேரும் அண்ணன் தம்பிகள், பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே பாட்டுப் புத்தகத்தைச் சேர்ந்து பார்க்கக்கூட மாட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் எனக்கிருந்த ஒரே நம்பிக்கை, அந்த வருஷம் கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்த ஒரு பெண். அப்படி ஒரு குரல். தனியாகப் பாட வேண்டிய பாட்டை அவளுக்குக் கொடுத்தேன். ஆனால் அவளுடைய மாமியார் அனுப்ப மறுத்துவிட்டார். நேரில் போய்க் கெஞ்சினேன்.

"தனியா அனுப்ப மாட்டேன். நானும் கூட வாரேன்" என்றார். "ராத்திரி எட்டு மணிக்கு எம் மகன் வேலைக்குப் போகணும். அதுக்குள்ள வீடு வந்து சேரணும். ஆறு மணின்னா ஆறு மணிக்கு ஆரம்பிக்கணும்."

சொன்னபடி வந்தார். முன் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக் கீரை ஆய்ந்தார். பிந்தி வந்தவர்களை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "எம்புட்டு நேரமா ஒக்காந்திருக்கோம்? ஒங்க வீட்டுல கடிகாரம் இல்லையா?" மூன்றாம் நாள் ஆல்டோக்கள் ஐந்தே முக்காலுக்கே ஆஜர்.

எனக்கு நிம்மதி நிலைக்கவில்லை. அவர் பாட்டிலும் கை வைக்க ஆரம்பித்தார். நாங்கள் உச்சத்தில் இருக்கும்போது, "நிறுத்துங்க, நிறுத்துங்க, இம்புட்டுக் கத்துனா எம் மருமக பாடுறது எப்பிடிக் கேக்கும்?" என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வாசிப்பேன்.

ஒருநாள் பேஸ் அண்ணனின் ரேடியோவை மூடச் சொன்னார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இந்தக் கொயருக்கு நீங்க என்ன மேனேஜரா? கீரை ஆயுறதுன்னா வீட்டுல ஒக்காந்து ஆயுங்க."

அந்தம்மா முறத்தை எடுத்தார், மருமகளின் கையைப் பிடித்தார், போயே போய்விட்டார். ஆராதனைக்கு நாலே நாள் இருந்தது.

மறுநாள் அந்தம்மா வீட்டுக்குப் போனேன். காபி வந்தது, பதில் வரவில்லை. பேஸ் அண்ணனிடம் போய், அந்தம்மாவிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடுங்கள் என்றால், "நான் சொன்னதுல என்ன தப்பு மாப்ள?" என்றார். போதகரிடம் ஓடினேன். ஜெபம் பண்ணச் சொன்னார். அதற்குள் ஆறு மணிப் பயிற்சி மறுபடி ஏழு மணியாகிவிட்டது. வெறுத்துப்போய் அந்தத் தனிப்பாட்டையே எடுத்துவிட்டேன்.

ஞாயிறு மாலை நாங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, இருவரும் உள்ளே வந்தார்கள். நான் திகைத்து நின்றேன்.

"கோவம் எனக்கும் அந்த ரேடியோத் தம்பிக்கும்தான். அதுக்கு இவ பாட்டு என்ன செய்யும்?" என்றார் மாமியார். "நாலு நாளும் காலையிலயும் சாயந்தரமும் வீட்டுல பாட வச்சிருக்கேன். எங்க நிக்கணும், சொல்லுங்க."

பாட்டைத் திரும்பச் சேர்த்தேன். அவள் முறை வந்தது. ஆர்மோனியத்தில் முன்னிசை வாசித்தேன். அவள் வாய் திறக்கவில்லை. இன்னொரு முறை வாசித்தேன். கோயில் நிறைய ஜனம். அவள் கண்கள் அதற்குள் யாரையோ தேடின. எனக்கு வேர்த்துக் கொட்டியது.

பெண்கள் பக்கத்திலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் வந்தது. "பாடு தாயி. நான் இங்கதான இருக்கேன்."

கோயிலே சிரித்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்த முகத்தோடேயே பாட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அங்கே யாரும் இருமக்கூட இல்லை. பேஸ் அண்ணன் தன் இடம் வந்ததையே மறந்து கேட்டுக்கொண்டு நின்றார். அன்றைக்கு மட்டும் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

இன்றும் யாராவது என் வேலைக்குக் குறுக்கே வந்தால் எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால், கோபித்துக்கொண்டு போன வீட்டிலும் மருமகளைப் பாட வைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாவை நினைத்துக்கொள்வேன். குறுக்கே நிற்பவர் எல்லாம் நமக்கு எதிரே நிற்பவர் அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது ஒன்று போதுமாக இருக்கிறது.