இரண்டு என்று முடிந்த கோப்புகள்

நேற்று என் கைப்பேசி ஒரு செய்தி காட்டியது. இடம் நிறைந்துவிட்டதாம். ஒரே மாதிரிப் படங்கள் முந்நூற்றுக்கு மேல் இருக்கின்றனவாம், அழித்துவிடட்டுமா என்று பணிவாகக் கேட்டது. மகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆமான்னு அமத்துங்கப்பா, எல்லாம் டூப்ளிகேட்தானே" என்றாள். நான் அமத்தவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். வயதாகிறது, மனிதனுக்கு எதையும் தூக்கி எறிய மனம் வருவதில்லை என்று அவள் நினைத்திருப்பாள். நினைக்கட்டும். உண்மையைச் சொன்னால் அப்பாவைப் பற்றி வைத்திருக்கிற கொஞ்சம் நல்ல எண்ணமும் போய்விடும். உங்களுக்குச் சொல்லலாம், நீங்கள் என்னை அப்படியொன்றும் பெரிதாக நினைத்திருக்க மாட்டீர்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள். பதுளையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பாண் வேகும் வாசனை இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால் எனக்குப் பசி வராது, வியர்க்கும். காரணம் உண்டு. கம்ப்யூட்டர் சேர்வர் குளிரான அறையில் இருக்கவேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்வார்கள். எங்கள் சேர்வர் இருந்த அறை பேக்கரிப் போறணைக்கு நேர் மேலே. விடியற்காலையில் கீழே பாண் வெந்தால் மேலே நாங்கள் வேகுவோம். ஒரு மேசைவிசிறி சேர்வரைப் பார்த்துச் சுற்றும். மனிதர்களுக்கு விசிறி இல்லை.

எங்கள் வேலை புண்ணியமான வேலை. தேயிலைத் தோட்டத்துச் சனத்தில் நிறையப் பேருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அது இல்லாவிட்டால் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாதவன் அந்த நாட்களில் ஆர்மி செக்பொயின்ட்டுகளுக்குப் பயந்து பண்டாரவளைக்கு பஸ் ஏறவே இரண்டு தரம் யோசிப்பான். ஆனால் தோட்டத்து டிஸ்பென்சரிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் எழுதி வைத்திருந்தார்கள். பெயர், தாய் பெயர், பிறந்த திகதி. அந்தத் தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து ஸ்கேன் செய்து சேர்வரில் ஏற்றிவிட்டுத் தோட்டத்துக்கே திருப்பி அனுப்புவோம். யாராவது கேட்டு வந்தால் அச்செடுத்து முத்திரை குத்திக் கொடுப்போம், அதைக் காட்டிச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளலாம்.

சேர்வரில் லினக்ஸ். அலுவலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கு எவ்வளவு தெரியும் என்பது வேறு யாருக்கும் தெரியாததால் நான் நிபுணன். தெமோதரையில் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான ஒரு லயத்திலிருந்து காலை ரயிலில் வந்து, பதுளை ஸ்டேஷன் குழாயில் சப்பாத்துச் சேற்றைக் கழுவிவிட்டுத்தான் அலுவலகப் படி ஏறுவேன். வீடு எங்கே என்று கேட்டால் பதுளை என்பேன். கேட்டவர்கள் எல்லாரும் நம்பினார்கள் என்று நானும் நம்பினேன்.

எங்கள் மேலதிகாரி யாழ்ப்பாணத்தார். கெட்டிக்காரர், வாய் கொஞ்சம் கூர். ஒருநாள் மத்தியானம் கூப்பிட்டார். "தம்பி, நாளைக்குக் காலமை கொழும்பிலயிருந்து பெரிய ஆக்கள் வருகினம். அவையளுக்கு முன்னால ஒரு தாள் ஸ்கேன் பண்ணிக் காட்டவேணும். மெசின் என்னவோ இடமில்லை எண்டு நிக்குதாம். என்னெண்டு பாரும்."

பார்த்தேன். டிஸ்க் நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தது. ஒரு டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்து வைப்பார்கள். எங்கள் லயத்து ஒற்றையறைக் காம்பரா மாதிரித்தான் அது. பக்கத்துக் காம்பரா காலியாகக் கிடந்தாலும் உங்கள் காம்பராவில் எட்டுப் பேர் ஒருவர் மேல் ஒருவர் கால் போட்டுத்தான் படுக்கவேண்டும். எங்கள் தாள்கள் இருந்த காம்பரா முட்டிவிட்டது.

முதலில் சேர்வர் தன் வேலைகளைக் குறித்து வைக்கும் லாக் கோப்புகளை அழித்தேன். ஒரு இம்மி இடம் கூடத் திரும்பவில்லை. கோப்பு போய்விட்டது, ஆனால் அதில் எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் பிடியை விடாமல் வைத்திருந்தது. அதை நிறுத்தித் திரும்ப ஓடவிட்ட பிறகுதான் கொஞ்சம் இடம் வந்தது. தேவையில்லாத மென்பொருள் மிச்சங்களைக் கூட்டி எறிந்தேன். போதவில்லை. அடுத்ததாக இருந்தது பேக்கப். தாள்கள் தொலைந்துபோனால் உதவட்டும் என்று நானே எடுத்து வைத்த பிரதி. அதையும் அதே காம்பராவில்தான் வைத்திருந்தேன். சாவி தொலைந்தால் உதவும் என்று மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுகிற மூளை. சரி, நாளைக்குப் புதிதாக எடுத்துக்கொள்ளலாம் என்று அதையும் அழித்தேன்.

இன்னும் கொஞ்சம் வேண்டும். அப்போதுதான் இரண்டு என்று முடியும் கோப்புகள் கண்ணில் பட்டன. ஒவ்வொரு கோப்புக்கும் தோட்டம், தாய் பெயர், பிள்ளை பெயர் என்று பெயர் வைத்திருந்தோம். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் டைப் அடிக்கிற பிள்ளைகள் கடைசியில் ஒரு இரண்டைப் போட்டுவிடுவார்கள். மின்வெட்டுக் காலம் அது, பாதியில் நின்ற தாளைத் திரும்ப ஸ்கேன் செய்வது தினமும் நடக்கும். மேலதிகாரி திரையைப் பார்த்தார். "ஒரே பேர், ஒரே தாய். இதுகள் ஏன் இரண்டு இரண்டாய்க் கிடக்குது?" பிறகு சிரித்தார். "இந்தத் தோட்டத்து ஆக்களுக்குப் பேருக்கும் பஞ்சமே? அழியும் தம்பி, அழியும்."

நானும் சிரித்தேன். அவரைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெயர் வைத்த கைக்குழந்தை செத்துப்போனால், அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அதே பெயரை வைப்பார்கள். சாமிக்கு நேர்ந்து வைத்த பெயர், பிள்ளை போனதற்காகச் சாமியிடம் பெயரைத் திருப்பிக் கொடுக்க முடியாது. இது எனக்கு யாரோ சொல்லித் தெரிந்ததல்ல. எனக்கு முன்னால் இன்னொரு நான் இருந்தான். ஏழு மாதத்தில் வயிற்றோட்டத்தில் போனான். கோபம் வந்தால் அம்மா, "அவன் இருந்திருந்தா என்னைய இப்படி அழ வப்பானா?" என்று செத்தவனோடு என்னை ஒப்பிடுவார். அவன் பெயரைத்தான் இன்றைக்கும் கையெழுத்தாகப் போடுகிறேன். அந்தக் கையெழுத்துப் போடுகிறவன் உட்கார்ந்து, இரண்டு என்று முடிவதையெல்லாம் அழி என்று ஒரு வரி தட்டினான். லினக்ஸ் 'நிச்சயமா?' என்று கேட்காது. நானூற்று முப்பத்தாறு கோப்புகள். இதில் எத்தனை இரண்டாவது ஸ்கேன், எத்தனை இரண்டாவது பிள்ளை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்தநாள் பெரிய ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பேக்கரி பட்டிஸ் சாப்பிட்டார்கள். எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

மூன்று வாரம் கழித்துக் காமாட்சி வந்தாள். கொஸ்லந்தப் பக்கத் தோட்டத்துப் பெண், பெரகலயில் பஸ் மாறி மாறி வந்ததில் முகம் வெளிறியிருந்தது. உயர்தரம், ஏ.எல். வரை படித்திருந்தாள். அவர்கள் லயத்தில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியர் எடுக்கிறார்கள், நேர்முகப் பரீட்சை அடுத்த கிழமை, வயது இருபத்தைந்துக்குள் இருக்கவேண்டும், பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பாடசாலைப் பதிவில் அவள் திகதி ஜனவரி முதலாம் திகதி. எங்களில் பாதிப்பேர் ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்கள்தான். சேர்க்கிற அன்று தாள் இல்லாத பிள்ளைகளுக்கெல்லாம் பெரிய வாத்தியார் அதைத்தான் எழுதுவார். ஆகவே அதை எவரும் மதிப்பதில்லை.

அச்செடுத்துக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "சார், இதுல எனக்கு இருவத்தாறு ஆகுதுங்க. எனக்கு இருவத்திமூணுதாங்க" என்றாள்.

அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அழித்த இரண்டுகளில் இவளும் ஒருத்தி. நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டு, அன்று முழுவதும் தேடினேன். அழித்த கோப்பைச் சிலவேளை மீட்கலாம், அதன் மேல் வேறு எதையும் எழுதாமல் இருந்தால். நாங்கள் மூன்று வாரமாக அந்த இடத்தில் வேறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். தோட்டத்துக்குப் போன் எடுத்து அசல் தாளைக் கேட்டேன். "அதெல்லாம் கரையான் புடிச்சுப் போச்சுங்க, தேயிலை ஸ்டோர் அடுப்புல போட்டாச்சு. அதான் ஒங்க கம்ப்யூட்டர்ல இருக்குல்ல" என்றார் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா.

மறுநாள் தாய் மாரியாயி வந்தார். கொழுந்து எடுத்துக் கறுத்த விரல்கள். தாளை மகள் வாசித்துக் காட்டினாள்.

"இது மூத்தவ தம்பி," என்றார் அந்த அம்மா. "பால் மறக்கிறதுக்குள்ள போயிட்டா. அவ பேரத்தான் இவளுக்கு வச்சோம். இவ பொறந்தது வேற." விரல்களை மடக்கி மடக்கி, பிறந்த மாதம், கிழமை, அன்றைக்குத் தோட்டத்தில் என்ன வேலை நடந்தது, யார் மருத்துவச்சி என்று எல்லாம் சொன்னார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலதிகாரி கதவருகில் வந்து நின்றார்.

பிழை என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். என் கையால் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தால் வேலை போயிருக்கும், அவளுக்கு ஒருவேளை வழி பிறந்திருக்கும். நான் சொன்னது இதுதான்: "ஒங்களுக்கு ஞாபகப் பிசகுங்கம்மா. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

மேலதிகாரி தலையாட்டிவிட்டுப் போனார். மாரியாயி என் முகத்தையே பார்த்தார். "தம்பி லயத்துப் புள்ளதானே? ஒங்க வீட்டுல இப்படிப் பேரு வச்சதில்லையா?"

"நான் பதுளை," என்றேன்.

காமாட்சி அழவில்லை. தாளை மடித்து எடுத்துக்கொண்டு அம்மாவைக் கைத்தாங்கலாகப் படி இறக்கினாள். நேர்முகப் பரீட்சைக்குப் போய், வயது கூட என்று திருப்பி அனுப்பப்பட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்றும் ரயிலேறி வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாலைந்து வருடம் கழித்து பெரகல சந்தியில் ஒரு கடையில் பால் இல்லாத பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தேன். "சார்" என்று ஒரு குரல். காமாட்சி, இடுப்பில் ஒரு பெண்குழந்தை. தோட்டத்தில் பேர் பதிந்து தேயிலை மலையில் கொழுந்து எடுக்கிறாளாம். என்னைக் கண்டதில் அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம்.

"நீங்க குடுத்த தாளாலதாங்க சார் ஐ.டி. கெடச்சுச்சு. அக்கா தேதிதான், பரவால்லீங்க, செக்பொயின்ட்ல அதையெல்லாம் யாரு பாக்குறா?" பிறகு கொஞ்சம் தயங்கினாள். "அம்மா போன வருசம் தவறிட்டாங்க. நான் பொறந்த மாசம், கெழமையெல்லாம் அவங்கதான் சொல்லுவாங்க. நான் ஒரு நாளும் காது குடுத்துக் கேக்கல. அன்னைக்கு ஆபீஸ்ல ஒங்ககிட்ட எல்லாஞ் சொன்னாங்களே, நீங்க எழுதி வச்சிருப்பீங்கல்ல சார்?"

தேடிப் பார்க்கிறேன் என்றேன். அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது.

அந்த அலுவலகம் இப்போது இல்லை. சேர்வரைப் பழைய இரும்போடு நிறுத்துக் கொண்டுபோனார்கள். மேலதிகாரி வெளிநாடு போய்விட்டார். பேக்கரி இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. அன்று மத்தியானம் எத்தனை கோப்பு அழித்தேன், திரையில் நூறு என்று இருந்தது எண்பத்தொன்றாக இறங்கியபோது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதெல்லாம் அப்படியே நினைவிருக்கிறது. மாரியாயி மாசி என்றாரா மார்கழி என்றாரா என்று மட்டும் எவ்வளவு முட்டிக்கொண்டாலும் வருவதில்லை.