சிவநேசம் தேர்தலுக்குக் கட்டிய பை

தேர்தல் வந்தால் மொன்றியல் நகரத்துச் செயின்ட் மிஷேலில் மற்ற வீடுகளில் தொலைக்காட்சி ஓடும். சிவநேசம் வீட்டில் தண்ணீர்க் குழாய் ஓடும். முதலில் பாத் டப் விளிம்பு வரை நிரம்பும். பிறகு வாளிகள், அதற்குப் பிறகு சோற்றுப் பானை. அரிசி, பருப்பு, மெழுகுதிரியெல்லாம் முதல் நாளே வந்து இறங்கியிருக்கும். வாசல் கதவோடு ஒரு பயணப் பை தயாராக நிற்கும். சிரிக்காதீர்கள். வாக்கு எண்ணி முடிவதற்குள் ஊரடங்கு வந்துவிடும், கிணற்றடிக்குப் போனால் துப்பாக்கிச் சூடு விழும் என்ற காலத்தில் யாழ்ப்பாணத்தில் குடும்பம் நடத்தியவள் அவள்.

மொன்றியலில் இந்தக் கூத்து முதன்முதலாக அரங்கேறியது தொண்ணூற்றைந்தில். கியூபெக் கனடாவை விட்டுப் பிரிவதா என்று மக்களிடம் கேட்டார்களே, அந்த வாக்கெடுப்பு. குடியுரிமை கிடைத்த கையோடு சிவநேசம் போட்ட முதல் வோட்டே அதுதான். 'வேண்டாம்' என்று போட்டாள். குடியுரிமை விழாவில் கொடுத்த சின்ன மேப்பிள் இலைக் கொடியைச் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் குத்தி வைத்திருந்தவள் வேறென்ன போடுவாள்? மயிரிழையில் பிரிவினை தோற்றது. பணமும் வேற்றினத்தவர் வாக்கும்தான் தோற்கடித்தன என்று மேடையில் ஒரு பிரிவினைத் தலைவர் சொன்னதைக் கேட்டதும் அவள் எழுந்துபோய் வாசல் பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

அவளுக்கு ஒரு கார்டறியில், அதாவது குழந்தைகள் பராமரிப்பகத்தில், சமையல் வேலை. மறுநாள் பயந்து பயந்துதான் போனாள். கூடச் சமைக்கிற பிரெஞ்சுக்காரி லொரேன் ஒரு குத்தல் வார்த்தை பேசவில்லை. கிழங்கு சீவிக்கொண்டே தன் கதையைச் சொன்னாள். இளம்பெண்ணாக நகரத்துப் பெரிய கடையொன்றில் வேலை பார்த்தபோது, தங்களுக்குள் பிரெஞ்சு பேசினாலும் ஆங்கிலக்கார முதலாளி ஏசுவானாம். சொந்த ஊரிலேயே வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம் என்றாளாம்.

சிவநேசத்துக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. தபால் கந்தோரில் கிளாக்கராக இருந்த மனிதர். சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தபின் பதவி உயர்வே இல்லாமல் ஓய்வு பெற்றார். ஆக, லொரேன் பட்ட பாடு அவளுக்கு விளங்காமல் இல்லை. நன்றாக விளங்கியது, பயம்தான் போகவில்லை. நியாயமான கோரிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்று கண்டவள் அல்லவா.

இனி மகளின் கதைக்கு வருவோம். அஜந்தா மூன்று வயதில் இங்கு வந்தவள். கணவர் ஊரிலேயே காலமாகிவிட, தாயும் மகளுமாகத்தான் இந்தக் குளிரில் வந்து இறங்கினார்கள். சட்டப்படி பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், பிரெஞ்சுச் சிநேகிதிகள். இருபத்தொரு வயதுக்காரியின் அறைச் சுவரில் லில்லிப்பூப் போட்ட கியூபெக்கின் நீலக் கொடி. பிள்ளை ஏதோ அழகுக்கு மாட்டியிருக்கிறாள் என்றுதான் சிவநேசம் நினைத்தாள், பாவம்.

இரண்டாயிரத்து ஏழு மார்ச் தேர்தலுக்கு முன் பிலோமினம்மாவின் தொலைபேசி வந்தது. அடுத்த தெருக்காரி, ஊர்ப் புதினம் அவள் வாயில் ஒருநாள் தங்காது. அஜந்தா பிரிவினைக் கட்சிக்காகத் தமிழ் வீடுகளில் கதவு தட்டித் துண்டுப் பிரசுரம் கொடுக்கிறாளாம். உன்ர பெட்டை நாட்டைப் பிரிக்க வெளிக்கிட்டிட்டாள் என்று சிரித்தாளாம். சிவநேசத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

மகள் வீட்டுக்குள் காலை வைத்ததும் பிடித்துக்கொண்டாள். அகதியென்று வந்தவர்களுக்கு இடம் கொடுத்த நாட்டையா பிரிக்கப் போகிறாய் என்று கத்தினாள். அஜந்தா கத்தவில்லை. அம்மாவின் அதே பிடிவாதம், குரல் மட்டும் தாழ்ந்தது.

"ஊரில நீங்களும் தனிநாடுதானே அம்மா கேட்டனீங்கள். இவை கேட்டா மட்டும் என்ன பிழை?"

சிவநேசம் மூத்த மகன் ஸ்ரீதரனின் படத்தைப் பார்த்தாள். பதினெட்டு வயதில் ஷெல் விழுந்து போனவன். அஜந்தாவுக்கு அண்ணன் என்றால் அந்தப் படம்தான்.

"கேட்டனாங்கள்தான். கேட்டதுக்குக் கொண்ணை ஸ்ரீதரனைக் குடுத்தனாங்கள். இனிக் குடுக்க என்னட்ட நீ மட்டும்தான் இருக்கிறாய்."

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. சாப்பாட்டை மேசையில் மூடி வைப்பாள். அஜந்தா தானாகப் போட்டுச் சாப்பிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பாள். தேர்தல் முடிந்ததும் சிநேகிதியோடு வேறு வீட்டுக்குப் போகிறேன் என்று அவள் யாரிடமோ தொலைபேசியில் சொன்னது சிவநேசத்தின் காதில் விழுந்தது. நாடு பிரிவதை விட்டுத் தள்ளுங்கள், வீடு பிரியப் போகிறதே என்றிருந்தது அவளுக்கு. கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டால் ஓம், போகிறேன் என்று சொல்லிவிடுவாளே.

தேர்தல் நாளும் வந்தது. அஜந்தா விடியவே கட்சி வேலைக்குப் போய்விட்டாள். சிவநேசம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோய், பிரிவினைக் கட்சிக்கு எதிராகவே வோட்டுப் போட்டாள். மகளுக்காக அதில் ஒரு துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. திரும்பி வந்து குழாயைத் திறந்தாள்.

பின்னேரம் உடுப்பு மாற்ற ஓடிவந்த அஜந்தா, தளும்பிக்கொண்டிருந்த பாத் டப்பைக் கண்டு தலையில் கை வைத்தாள். இது பிரிகிற வாக்கெடுப்புக்கூட இல்லை, சாதாரணத் தேர்தல் என்று சொன்னபடி அடைப்பை இழுக்கப் போனாள். முடிவு வரட்டும் என்று அம்மா மறித்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு அம்மா அவளோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அஜந்தா அறைக்குள் போனாள். சுவரில் கொடி இல்லை. வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்கே எறிந்தீர்கள் என்று கேட்டாள். சிவநேசம் கதவடியில் நின்ற பையைக் காட்டினாள்.

அஜந்தா ஜிப்பை இழுத்தாள். கடவுச்சீட்டுகள், அவளுடைய தடித்த குளிர்ச்சட்டை, அண்ணனின் படம். எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்திரி போட்டு மடித்த நீலக் கொடி. சாமித்தட்டில் மேப்பிள் இலைக் கொடி அப்படியே நின்றது. அதை எடுத்துவைக்க அம்மாவுக்குத் தோன்றவேயில்லை.

"இதையேன் அம்மா வைச்சனீங்கள்?" கொடியைக் கையில் எடுத்தாள்.

"ஓட வேண்டி வந்தால் கடைசி நேரத்தில நீ இதை எடுக்கத் திரும்பி உள்ள ஓடுவாய். கொண்ணை அப்பிடித்தான், சைக்கிளை எடுக்கத் திரும்பிப் போனவன்."

அஜந்தா சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் அந்தப் பைக்குப் பக்கத்தில் குந்தி இருந்து அழுதாள். அண்ணன் எப்படிப் போனான் என்று அதுவரை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அன்று கட்சி அலுவலகத்துக்கு அவள் திரும்பிப் போகவில்லை. வேறு வீட்டுக்கும் போகவில்லை.