ட்ரெபிள் பத்தில், சில்வண்டு பூஜ்யத்தில்

நேற்று தேனியில், ஒரு காது டாக்டரின் கண்ணாடிக் கூண்டுக்குள், ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பட்டனோடு உட்கார்ந்திருந்தேன்.

"சத்தம் கேக்கும்போதெல்லாம் அமுக்குங்க" என்றது நர்ஸ் பெண்.

அமுக்கினேன். பிறகு வெகுநேரம் அமுக்கவேயில்லை.

கரண்ட் போய்விட்டதென்று நினைத்துக்கொண்டேன். (போகவில்லை.)

மூவுலகும் அஞ்சும் ஒரு கித்தார் சக்கரவர்த்தி அந்தக் கூண்டுக்குள் அடைபட்ட வரலாறு இது.

சாந்தன்பாறைப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில், கொழுந்து அரைக்கும் மெஷினோடு கல்யாணத்துக்கு முன்பிருந்தே குடும்பம் நடத்துகிறேன். ஷிப்ட் முடிந்தால் எலெக்ட்ரிக் கித்தார்.

எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். ஆம்ப் வைத்து வாசித்தால் அவர்கள் வீட்டுச் சாமி படம் கழன்று விழும். அதனால் லேப்டாப்பில் இருக்கும் ஆம்ப் சாஃப்ட்வேர்தான் எனக்குக் கதி. ஒரு சின்னப் பெட்டி வழியாகக் கித்தாரைச் செருகினால், ஹெட்போனுக்குள் பிரளயம். வெளியே ஒரு கொசு கூடக் கலையாது.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம். அவள் மகள் காவ்யா ஒரு பாட்டு எழுதி, அவளே பாடியிருக்கிறாள். முதல் பாட்டு. கித்தார் எங்க மாமாதான் என்று பாலக்காடு ஜில்லா முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள்.

வாசித்துப் பதிவு செய்தேன். டோன் மட்டும் அமையவில்லை. எதை வைத்தாலும் கம்பளிக்குள் சுருட்டிய மாதிரி ஒரு சத்தம்.

உலகம் சொல்லும் சாஸ்திரம் அத்தனையும் செய்தேன். இன்புட் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொண்டேன். மனசு கேட்கிற கெய்னில் பாதியைத்தான் வைத்தேன். ஸ்பீக்கர் கேபினெட்டை ஒவ்வொன்றாக மாற்றினேன்.

கம்பளி கம்பளியாகவே இருந்தது.

குற்றவாளி சாஃப்ட்வேர்தான் என்று தீர்ப்பளித்துவிட்டு ட்ரெபிளை ஏற்றினேன். பிரசென்ஸை ஏற்றினேன். சாஃப்ட்வேருக்குள் இருக்கும் மைக்கை ஸ்பீக்கரின் நட்டநடுவுக்கு நகர்த்தினேன். கீச்சுச் சத்தத்தை வெட்டும் ஹை கட்டைக் கழற்றி எறிந்தேன். எல்லாம் பத்தில் போய் நின்றபோதுதான் எனக்கு லேசாக விடிந்தது. தேவர்கள் பூத்தூவினார்கள். அனுப்பிவிட்டேன்.

காவ்யாவிடமிருந்து பதிலே இல்லை. முந்தாநாள் அவளே பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. காதுக்குள்ள ஊசி எறக்குற மாதிரி இருக்குதுங்க."

"உன் போன் ஸ்பீக்கர் சின்னது புள்ள. ஹெட்போன்ல கேளு."

மாட்டினாள். முதல் வரி முடிவதற்குள் பிடுங்கி, என் வீட்டம்மாவிடம் நீட்டினாள். "அத்தை, நீங்களே கேளுங்க."

வீட்டம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "தகரத்தச் சிமிண்டுத் தரையில இழுக்க மாதிரில்லா இருக்கு."

"உங்க விரல்ல ஒரு குத்தமும் இல்லீங்க மாமா. சத்தந்தான். கூட இருக்குற பசங்க, வேற ஆள வெச்சு வாசிச்சரலாமுங்கறாங்க. நாந்தான் முடியாதுன்னு நிக்கிறேன்."

ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். மவுஸை எடுத்து ஏதோ செய்தாள்.

"இப்ப எப்படீங்க?"

"எப்ப மாத்தப் போற?"

"மாத்திட்டனுங்க. மேல இருக்குற கீச்சு பூராத்தையும் வெட்டியாச்சு."

எனக்கு ஒன்றும் மாறியிருக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"இந்தச் சில்வண்டு கத்துறதுல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. கதவச் சாத்திரட்டுங்களா?"

"எந்தச் சில்வண்டு?" என்றேன்.

கதவில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை.

என் வீட்டம்மாதான் பேசினாள். "நாங்கூட, நான் பேசுறது மட்டுந்தான் இவுகளுக்குக் கேக்கலைன்னுல்லா இத்தன வருசமா நெனச்சிட்டிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை இருவரும் என்னைத் தேனிக்கு இறக்கினார்கள்.

டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். பூப்பாறை வரை சுமாராக வந்த ரோடு போடிமெட்டு மலை இறக்கத்தில் தலைகுப்புற விழுந்த மாதிரி ஒரு கோடு. பார்த்ததும் தெரிந்துகொண்டேன். சாஃப்ட்வேரில் நான் கழற்றி எறிந்த ஹை கட்டின் படம் அச்சு அசல் இதேதான். ஃபேக்டரி அதை எப்போதோ என் மண்டைக்குள் மாட்டிவிட்டிருக்கிறது.

"மெஷின்கிட்ட நிக்கிறப்ப காதுல எதும் அடைச்சுக்கிறதில்லையா?"

"அடைச்சா மெஷின் பல்லு மழுங்குறது தெரியாது சார். சத்தத்த வச்சுத்தான கண்டுபிடிக்கணும். எங்காளுக யாருமே அடைக்கிறதில்ல."

"போனது திரும்பாதுங்க. மிச்சத்தையாவது காப்பாத்துங்க."

நேற்றுச் சாயங்காலம் காவ்யாவே உட்கார்ந்து டோன் வைத்தாள். இந்த சாஃப்ட்வேரின் ஒரே புண்ணியம், வாசித்தது வெறும் கம்பிச் சத்தமாக உள்ளே பத்திரமாக இருக்கும். ஆம்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். விரல் என்னுடையது, காது அவளுடையது.

"சூப்பரா இருக்குதுங்க மாமா" என்றாள். என் வீட்டம்மாவும் தலையாட்டினாள்.

எனக்குக் கம்பளி. நானும் தலையாட்டினேன்.

இங்கே வீட்டில் ரெக்கார்ட் செய்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டோன் மந்தமாக இருக்கிறதென்று ட்ரெபிளைத் தொடும் முன், வீட்டில் இன்னொருவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது.

போன வருடம் இதே பக்கத்தில் "எங்கள் மலையை விட்டுச் சில்வண்டுகள் போய்விட்டன" என்று ஓர் இரங்கல் காவியம் பாடினேன். ரிசார்ட்டுகளைச் சபித்தேன், மருந்தடிப்பவர்களைச் சபித்தேன். லைக்குகள் மழையாகக் கொட்டின.

இன்று காலை அந்தப் பதிவைத் தேடி எடுத்தேன். "உண்மைதாண்ணே, இங்கயும் ஒண்ணையும் காணோம்" என்று எழுதியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

அத்தனை பேரும் என்னோடு மெஷின் பக்கத்தில் நிற்பவர்கள்.

தம்பிகளா, இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுப் பிள்ளைகளை வாசலுக்குக் கூப்பிட்டு, சில்வண்டு கத்துகிறதா என்று மட்டும் கேளுங்கள்.

கத்துகிறது என்று சொன்னால், தேனிக்குக் காலையிலேயே பஸ் இருக்கிறது. நானும் கூட வருகிறேன்.