பருத்திமார் போட்டு மூடிய வெடிப்பு

காரை எடுப்பதற்கு முன்னால் தடத்தைக் காலால் நடந்து பார்க்க வேண்டுமாம். மண் தரையில் நடக்கிற கார்ப் பந்தயத்தில் அது வழக்கம். எங்கள் புஞ்சையில் பந்தயம் நடந்த அன்று என் மகன் விடியற்காலையில் அப்படி நடந்தான். துணைக்கு நானும் நடந்தேன். "இங்கன இடது. அந்த உடைமரத்தப் பாத்து நேரா. இங்கன பிரேக்கு. இங்கன வலது" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனான். வலது என்று சொன்ன இடத்தில் எல்லாம் வலது கையைத் தூக்கினான். அந்தக் கையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான் இருந்தன.

மற்ற விரல்கள் தீப்பெட்டி ஆபீஸில் போய்விட்டன. கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். அங்கே அவன் வேனில் லோடு ஏற்றி இறக்குகிற வேலைக்குப் போனான். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஓட்டப் பழகி, லைசென்ஸும் வாங்கிவிட்டான். டிரைவருக்கு வயசாகிவிட்டது, அடுத்தது நீதான் என்று பேச்சும் இருந்தது. அந்த நேரத்தில் ஒருநாள் மருந்து கலக்குகிறவன் வரவில்லை என்று இவனை அங்கே நிறுத்தினார்கள். மருந்து பற்றிக்கொண்டது. உயிர் தப்பினதே பெரிது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

புண் ஆறின பிறகு வேலை கேட்டுப் போனான். பொம்பளைகளோடு உட்கார்ந்து கட்டை அடுக்கு என்றார்கள். தீக்குச்சியைச் சட்டத்தில் வரிசையாக அடுக்குகிற வேலை அது. எல்லா விரலும் உள்ளவர்களுக்கே விரல் மரத்துப்போகும். வெளியே டிரைவர் வேலை கேட்டு அலைந்தான். லாரி ஷெட்டில் கேட்டான், மில்லில் கேட்டான், கழுகுமலை வரைக்கும் போய்க் கேட்டான். லைசென்ஸைப் பார்க்கும்போது சரி என்பார்கள். அதை நீட்டுகிற கையைப் பார்த்ததும் சொல்லியனுப்புகிறோம் என்பார்கள். ஒருத்தரும் சொல்லியனுப்பவில்லை. கையைப் பைக்குள் விட்டபடியே நடக்கப் பழகிக்கொண்டான். சாப்பிடும்போது எனக்கு முதுகைக் காட்டி உட்காருவான். இடது கையால் சாப்பிடுவதை நான் பார்க்கக் கூடாதாம்.

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் மகன் கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்த வருஷம் அது. தொண்ணூறுகளின் கடைசி. அங்கே மண் தரையில் நடக்கிற கார்ப் பந்தயம் பார்த்திருக்கிறார். ஆட்டோகிராஸ் என்று பெயர். ரோடு கிடையாது. வெறும் தரையில் டின்களை வளைத்து வளைத்து வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு காராக அதற்குள் புகுந்து வர வேண்டும். ஒருவர் வாட்ச் பிடித்துக்கொண்டு நிற்பார். டின் விழுந்தால் நேரத்தைக் கூட்டிவிடுவார்கள். நம்ம ஊரிலும் செய்யலாம் என்று அவரும் கூட்டாளிகளும் கிளம்பினார்கள். ஆளுக்கு ஒரு பழைய காரைப் பிடித்து, பின் சீட்டையும் கண்ணாடிகளையும் கழற்றிப் போட்டார்கள். புதூர் ரோட்டோரம் மேடு பள்ளம் இல்லாமல் கிடந்த எங்கள் புஞ்சையை வந்து கேட்டார்கள். சித்திரையில் சும்மா கிடக்கிற நிலம்தானே என்று என் வீட்டுக்காரர் சரி சொன்னார்.

நானும் ஓட்டுகிறேன் என்று என் மகன் அவர்களிடம் போய்க் கேட்டான். டீக்கடையில், அத்தனை பேர் முன்னால் கேட்டிருக்கிறான். எல்லாரும் சிரித்தார்களாம். சின்ன முதலாளி மட்டும் சிரிக்கவில்லையாம். அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து அவர் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினான்.

"ஒரு டின்னையும் தட்டாம ஓட்டிக் காட்டு. ஆபீஸ் வேன் சாவிய ஒங்கிட்டத் தாரேன். பெறகு கையப் பத்தி எவன் பேசுதான்னு பாப்போம்."

அன்றைக்கு அவன் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான்.

சின்ன முதலாளி தன் காரையே பழகக் கொடுத்தார். கியர் மாற்ற இடது கை போய்விடும். அந்த நேரம் ஸ்டியரிங் வலது கையில் மட்டும்தான் நிற்க வேண்டும். இரண்டு விரலில் அது நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. துணியைச் சுற்றிப் பார்த்தான். சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிப் பார்த்தான். ஒருநாள் நான் உளுந்து உடைத்துக்கொண்டிருந்தேன். திருவையைச் சுற்றுவதற்குக் கல்லில் ஒரு மரக்கை அடித்திருக்கும் இல்லையா, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இது ஒனக்கு வேணுமாம்மா என்று கேட்டான். எடுத்துக்கோ என்றேன். வெல்டிங் கடையில் ஒரு இரும்புப் பட்டை வாங்கி, அந்த மரக்கையை ஸ்டியரிங்கில் முடுக்கினான். உள்ளங்கையை அதன்மேல் வைத்து அமுக்கிச் சுற்றினால் கார் சொன்னபடி கேட்டது. அவன் அப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, பருப்பு ஒடைக்கப் போறியா, காரு ஓட்டப் போறியா" என்றார். வெகுநாளைக்குப் பிறகு எங்களுக்குள் வந்த கேலிப் பேச்சு அதுதான்.

கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். கம்பை விட்டால் முக்கால்வாசி உள்ளே போய்விடும். ஆட்டுக்குட்டி ஓடினால் கால் மாட்டி முறியும். வண்டிப்பாதையில் அப்படி வெடித்தால் பருத்திமாரை ஒடித்துத் திணித்து, மேலே மண்ணை அள்ளிப் போட்டு மிதித்துவிடுவோம். பருத்தி எடுத்த பிறகு காய்ந்து நிற்கிற செடியைத்தான் மார் என்போம். பாரம் ஏற்றின மாட்டுவண்டி அதன்மேல் போகும், ஒன்றும் ஆகாது. என் மாமனார் காலத்திலிருந்து அப்படித்தான். பந்தயத் தடத்திலும் என் வீட்டுக்காரர் அதையே செய்தார். நான் மார் ஒடித்துக் கொடுத்தேன். மகன் ஓட்டப் போகிற தடம் என்று ஒவ்வொரு வெடிப்பின் மேலும் ஏறி நின்று மிதித்துப் பார்த்தார். சின்ன முதலாளி மெதுவாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு, தார் ரோடு மாதிரி இருக்கு அண்ணாச்சி என்றார். அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். வண்டிச் சக்கரம் மண்ணை அமுக்கிக்கொண்டு போகும், கார்ச் சக்கரம் வேகமாகத் திரும்பும்போது மண்ணைத் தோண்டி எறியும். அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வந்த மற்றவர்களுக்கும் தோன்றவில்லை.

பந்தயத்தைப் பார்க்க ஆம்பிளைகள் நிறைய வந்திருந்தார்கள். நான் உடைமரத்து நிழலில் தண்ணீர்க் குடத்தையும் மோர்ப் பானையையும் வைத்துக்கொண்டு, மரத்துக்குப் பின்னால் தள்ளி நின்றேன். சின்ன முதலாளி முதலில் ஓட்டினார். அவர் ஓட்டி முடித்த அதே காரில் மகன் மரக்கையை முடுக்கிக்கொண்டு ஏறினான். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை. கார் கிளம்பினதும் புழுதி எழும்பி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. ஆனாலும் காலையில் கூட நடந்ததால் எனக்கு அவன் போகிற இடம் தெரிந்தது. இங்கன இடது. இங்கன பிரேக்கு. சத்தம் இறங்குவதும் ஏறுவதும் அவன் சொன்ன இடங்களில்தான் இருந்தது. கார் வந்து நின்று புழுதி அடங்கினபோது, டின் எல்லாம் நின்றபடி நின்றன. நேரத்தில் சின்ன முதலாளிக்கு அடுத்தபடி இவன்தான் என்று வாட்ச் பிடித்தவர் சொன்னார். மகன் இறங்கி வந்தான். கையைப் பைக்குள் விடவில்லை. வெளியே தொங்கவிட்டபடியே நடந்து வந்தான்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆளுக்கு இரண்டு தடவை ஓட்டலாம், குறைந்த நேரம் எதுவோ அதை எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது தடவை ஓட்டியே ஆக வேண்டும் என்று இல்லை. சின்ன முதலாளியின் தாய்மாமா ஒருவர், பருப்பு மண்டி வைத்திருப்பவர், குடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆபீஸில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"மருமவனே, ஒருதடவ தப்பிச்சுட்டான். வேன்ல நம்ம சரக்குல்லா போகுது. தெனமும் தப்பிப்பானா? இன்னொருக்க ஓட்டட்டும், பாத்துருவோம்" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பருப்பு மண்டிக்கு ஏத்த டிரைவர்தான், திருவையோட வாரான் என்றார் ஒருவர். சின்ன முதலாளி என் மகனைப் பார்த்தார். ஓட்டு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகன் என்னிடம் வந்து மோர் வாங்கிக் குடித்தான். போதும்ய்யா, வீட்டுக்குப் போவோம் என்றேன்.

"இப்ப ஓட்டலேன்னா சாகுமுட்டும் இதத்தான் சொல்லுவாவம்மா" என்றான்.

அதற்குள் எல்லாக் காரும் அந்தத் தடத்தில் ஓடி முடித்திருந்தன. உடைமரத்தைத் தாண்டின வளைவில் மண் பறந்து, திணித்த மார் கிளம்பி, வெடிப்பு வாயைத் திறந்துகொண்டிருந்தது. நான் நின்ற இடத்துக்கு அது எதிரேதான். புழுதிதான் தெரிந்தது.

கார் கவிழவில்லை. வளைவில் முன்சக்கரம் இறங்கி, ஒருபக்கம் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டது. ஒரு டின் மட்டும் உருண்டது. பெரிய சத்தம்கூட இல்லை. ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் சக்கரம் வெடிப்புக்குள் இறங்கின வேகத்தில் ஸ்டியரிங் தானாகச் சுற்றியிருக்கிறது. கூடவே சுற்றின மரக்கை அவன் மணிக்கட்டை அடித்து முறித்துவிட்டது. வலது கை. மிச்சம் இருந்த இரண்டு விரலும் உள்ள கை. அவனை வெளியே எடுத்தபோது அவன் என்னைப் பார்க்கவில்லை, உருண்ட டின்னைப் பார்த்தான்.

நான் அப்பவே சொன்னேன்லா, கை நிக்கல என்றார் மாமா. ஆமாம் ஆமாம் என்றார்கள். என் வீட்டுக்காரர் வளைவுக்கு ஓடினார். வெடிப்புக்குள் கையை விட்டு மாரைப் பிடுங்கினார். ஒரு கை நிறைய அதை வைத்துக்கொண்டு வந்து நாற்காலிக்கு முன்னால் நின்றார். முதலாளிமார் முன்னால் அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

"அவன் கையச் சொல்லாதீங்க. வெடிப்ப மூடுனது நான். மாரு வெளிய வந்துட்டு. தப்பு எம்பேர்ல."

மாமா கோபப்படவில்லை. "பெத்த மனசு அப்படித்தாம்ப்பா சொல்லும்" என்றார். பிறகு, அவருக்கு ஒரு சேர் போடுங்கலே, வெயில்ல நிக்காரு என்றார். யாரோ கொண்டுவந்து போட்டார்கள். மாரைக் கையில் பிடித்தபடியே அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வளைவு வரைக்கும் நடந்து போய்ப் பார்க்க ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

எலும்பு கூடிவிட்டது, மணிக்கட்டு மட்டும் திரும்பவில்லை. வேன் சாவி கடைத்தெருவிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. சின்ன முதலாளி வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று பேசினார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை, ஆபீஸ் கேட்டில் காவலுக்கு ஒரு ஆள் வேண்டும், வருகிறானா என்றார். மகன் சரி என்றான். அடுத்த வருஷம் கழுகுமலைப் பக்கம் செம்மண் தரை பார்த்துப் பந்தயத்தை அங்கே கொண்டுபோய்விட்டார்கள்.

பந்தயம் நடந்த வருஷம் ஐப்பசியில் மழை பெய்து பாசிப்பயறு விதைத்தோம். நிலத்தை மாற்றி மாற்றி உழுதிருந்தும், கார்ச் சக்கரம் அமுக்கின இடத்தில் மட்டும் பயிர் குட்டையாக, வெளுத்துப்போய் நின்றது. வரப்பில் நின்று பார்த்தால் தடம் முழுசும் தெரியும். இடது, நேர், வலது. என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் களை எடுக்கப் போகமாட்டார். நான்தான் போவேன். மகன் ஒரே ஒருநாள் வந்து வரப்பில் நின்று பார்த்தான். அன்றைக்கு வாய்க்குள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆபீஸ் கேட்டுக்கு மத்தியானம் அவனுக்குச் சோறு கொண்டுபோவேன். கேட் தூணுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு பூசின ஒரு டின் இருக்கும். வேன் திரும்பும்போது தூணில் உரசுகிறது என்று அவன்தான் வைத்திருந்தான். ஒருநாள் நான் நிற்கும்போதே வேன் வந்தது. அவன் கேட்டைத் திறந்தான். வேன் திரும்பி உள்ளே போகும்போது தட்டி, டின் உருண்டு என் காலடியில் வந்து நின்றது. மகன் வந்து இடது கையால் அதை எடுத்துக்கொண்டுபோய், இருந்த இடத்திலேயே வைத்தான்.

"அவருக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு" என்றான்.

பிறகு சோற்றுத் தூக்கை வாங்கிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.