சும்மா போன ரயில்

காஞ்சனா ரயிலில் போனதெல்லாம் ஏதாவது ஒரு காரியத்துக்காகத்தான். மொட்டை போடத் திருப்பதி, கை ஒடிந்தபோது கட்டுப்போடப் புத்தூர், சாவு விழுந்தால் சித்தூர். உட்கார இடம் கிடைத்தாலே பெரிது, ஜன்னலோரத்துக்கு எங்கே போவது? கல்யாணமான புதிதில் புருஷனிடம் ஆசையாகச் சொன்னாள்: "ஒரு வேலையும் இல்லாம, ஒரு நாள் முச்சூடும் ரயில்ல வேடிக்க பாத்துக்கினே போவணும்." முனிரத்தினம் விழுந்து விழுந்து சிரித்தான். நகரியில் தறி ஓட்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கண்ணைத் திறக்கவே மத்தியானம் ஆகும்.

அந்த ஆசை நிறைவேறியது. நிறைவேறின நாளை நினைத்தால்தான் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரிகிறது.

வெளியூர் மில் துணி மலிவாக வந்து குவிந்த வருஷங்கள் அவை. நகரியில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. முனிரத்தினத்தின் தறியும் நின்றது. இருந்த துண்டு நிலத்தில் வேர்க்கடலை காய்ந்தது. போர் போட்டதில் புழுதிதான் பறந்தது. குவைத்துக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்டு, ஆம்பளைக்கு இப்போது விசா இல்லை, வீட்டு வேலைக்குப் பொம்பளை என்றால் உடனே கிடைக்கும் என்றான். அக்கம்பக்கத்து ஊர்களில் ஏழெட்டுப் பெண்கள் போயிருந்தார்கள். இரண்டே வருஷம்தானே என்று காஞ்சனாவும் தலையாட்டிவிட்டாள்.

மகள் யமுனாவுக்கு அப்போது ஐந்து வயது. அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டேதான் தூங்குவாள். முனிரத்தினத்தின் அக்கா பாப்பாத்திதான் குழந்தையை வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அவள் காஞ்சனாவுக்கு ஒரு யோசனை சொன்னாள்.

"போறேன்னு சொல்லாத. சொன்னா கொயந்த ஜுரத்துல படுத்துக்கும். ரயில்ல கூட்டிக்கினு போயி நல்லா வேடிக்க காட்டுங்க. அது பாத்துக்கினு இருக்கசொல்ல நீ எறங்கிடு."

நம் பக்கத்தில் காலங்காலமாகச் செய்கிற காரியம்தான் இது. வேலைக்குக் கிளம்புகிற தாய், குழந்தைக்குக் காக்காயைக் காட்டிவிட்டுக் கொல்லைப்புறமாக நழுவுவதில்லையா? சாயங்காலம் திரும்பி வருகிறவளுக்குச் சரி. குவைத்துக்குப் போகிறவளுக்கும் அது சரி என்று எல்லோரும் நினைத்ததுதான் தப்பு.

பெட்டியை ஏஜெண்டின் ஆள் முந்தின நாளே கொண்டுபோய்விட்டான். காலையில் மூன்று பேரும் மூட்டை முடிச்சு இல்லாமல் நகரியில் பாசஞ்சர் ஏறினார்கள். கையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் எலுமிச்சைச் சோறும். குழந்தைக்கு ஜன்னல் கிடைத்தது. நகரி மலை மூக்கை நீட்டிக்கொண்டு கூடவே வந்தது. மாந்தோப்புகள், கரும்பு, வெல்லம் காய்ச்சுகிற புகை.

எதிரே உட்கார்ந்திருந்த ரத்னம்மா என்கிற அம்மாள், மொட்டை போட்டுக்கொள்ளத் திருமலைக்குப் போகிறவள். "கோயிலுக்கா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. சும்மா ரயில்ல சுத்தலாம்னு."

"ஊரிகேனா? சும்மாவா?" அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்ல ராஜகுடும்பம்!"

காஞ்சனாவும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்?

திருப்பதியில் வண்டி மாறினார்கள். சந்திரகிரிக் கோட்டை, தண்ணீரே இல்லாத ஆற்று மணல், பாகாலா, சித்தூர். பிறகு வந்த வழியே திரும்பினார்கள். குழந்தை கேட்ட கேள்விக்கெல்லாம் காஞ்சனா பதில் சொன்னாள். சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். ஒரு மணி நேரத்துக்கு அவளுக்கே எல்லாம் மறந்துபோயிற்று. இப்படி ஒரு நாள் வாழ்நாளில் வந்ததில்லை என்று நினைத்தாள். நினைத்த மறுகணமே சாயங்காலம் இறங்க வேண்டியது ஞாபகத்துக்கு வந்தது.

சாயங்காலம், ஊர் திரும்புகிற வண்டி ரேணிகுண்டாவில் நின்றது. விமானம் ஏறப் பம்பாய் போகிற வண்டிக்காக ஏஜெண்டின் ஆள் நாலைந்து பெண்களோடு பிளாட்பாரத்தில் காத்திருந்தான். மறுபக்கத்துத் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி ஒன்று மெல்ல நகர ஆரம்பித்தது.

"யமுனா, எத்தினி பொட்டின்னு எண்ணு பாக்கலாம்" என்றான் முனிரத்தினம்.

குழந்தை கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டு எண்ணத் தொடங்கியது.

"தண்ணி புடிச்சிக்கினு வந்துடறேன் கண்ணு" என்று காஞ்சனா பாட்டிலை எடுத்தாள். குழந்தை திரும்பவில்லை. வண்டியை விட்டு இறங்கி நடக்கும்போதும் அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பதினாலு, பதினஞ்சு, பதினாறு. அழாமல் இருக்கிறாளே என்று காஞ்சனாவுக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது.

குவைத்தில் இரண்டு வருஷம் முடிந்ததும் வீட்டுக்காரி பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. வேறு வீடு மாறிக் கையில் பாஸ்போர்ட் வந்தபோது ஊரில் மாடி வீடு பாதியில் நின்றது. அப்புறம் பெண்ணின் படிப்பு. ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம் என்று பத்து வருஷம் ஓடிவிட்டது. டெலிபோன் பூத்துக்கு யமுனாவை அழைத்து வருவார்கள். "ம்" என்பாள். "நல்லாக்கிறேன்" என்பாள். அழுததே இல்லை, தங்கமான பெண் என்று பாப்பாத்தி பெருமையாகச் சொல்வாள். காஞ்சனா அதை நம்பினாள். யாரோ ஒருத்தியின் குளியலறையைத் தேய்க்கும்போதெல்லாம் அந்த ரயில் நாளைத்தான் நினைத்துக்கொள்வாள். மகளும் அதை அப்படித்தான் பத்திரமாக வைத்திருப்பாள் என்று எண்ணினாள்.

திரும்பி வந்தபோது யமுனா பத்தாவது முடித்திருந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், தட்டைக் கழுவி வைத்தாள், ராத்திரி அத்தை பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். விருந்தாளியிடம்கூட அவ்வளவு மரியாதை காட்டமாட்டார்கள். காஞ்சனாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"அன்னிக்கு மாரி ரயில்ல சும்மா சுத்திக்கினு வரலாமாடி?"

யமுனா "ம்" என்றாள்.

முனிரத்தினத்துக்கு வாட்ச்மேன் வேலை, லீவு கிடைக்கவில்லை. தாயும் மகளும் மட்டும் போனார்கள். "நீ ஜன்னலாண்ட ஒக்காரு" என்று யமுனா அம்மாவை உள்ளே தள்ளி, தான் வழிப்பக்கமாக உட்கார்ந்துகொண்டாள். காஞ்சனா மலையைக் காட்டினாள், மாந்தோப்பைக் காட்டினாள், கோட்டையைக் காட்டினாள். பெண் தலையை ஆட்டினாள், வெளியே பார்க்கவில்லை. அன்று முழுக்க அவள் பார்த்ததெல்லாம் அம்மாவின் கையைத்தான். காஞ்சனாவுக்கு அது புரியவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதுதான் பிடிக்கிறது என்று மனத்துக்குள் அலுத்துக்கொண்டாள்.

ரேணிகுண்டாவில் வண்டி நின்றது. தாகம். காஞ்சனா காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

புடவைத் தலைப்பு இழுபட்டது. யமுனா அதை முஷ்டியில் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"எங்க போற?"

"தண்ணி புடிச்சிக்கினு வந்துட..." காஞ்சனாவுக்கு வாய் நின்றுவிட்டது. அப்போதுதான் எல்லாம் புரிந்தது. அப்படியே உட்கார்ந்தாள். "மன்னிச்சுடுடி கண்ணு" என்று எல்லார் எதிரிலும் அழுதாள். எதிர் சீட்டுக்காரர்கள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

யமுனா அழவில்லை. வண்டி கிளம்பி, ஸ்டேஷன் விளக்குகள் பின்னால் போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நாப்பத்தியோரு பொட்டிம்மா. உன்னாண்ட சொல்லலாம்னுதான் திரும்பனேன்."

நகரி வந்து இருவரும் இறங்குகிறவரை அவள் தலைப்பை விடவே இல்லை.